மாமம்மை

அரிசிக்குப் பஞ்சம், மண்ணெண்ணெய்க்குப் பஞ்சம், கட்டிக்கொள்ளத் துணிக்குப் பஞ்சம் என்று ஊரே அல்லாடிக்கொண்டிருந்த யுத்த காலம் அது. அப்போதும் தூத்துக்குடியில் வடிவைக் கூப்பிடுவதற்கு மட்டும் சொற்கள் தாராளமாகக் கிடைத்தன. துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்கள் ‘பொட்டை’ என்றார்கள். பஜாரில் ‘அலி’. கொஞ்சம் படித்தவர்களுக்கு அலி என்று சொல்ல வாய் கூசியது. அவர்கள் பழைய புத்தகத்திலிருந்து ‘பேடி’ என்ற சொல்லைத் தூசி தட்டி எடுத்துவந்து, ஏதோ பெரிய உபகாரம் செய்துவிட்டதுபோல மீசையைத் தடவிக்கொண்டார்கள். கோயில் வாசலில் பாரதம் படிக்கிற ஒருவர் அவளைக் கண்டால் ‘சிகண்டி’ என்பார். சொல்லிவிட்டுத் தானே சிரித்துக்கொள்வார். அதே ஆட்கள் புதுக்கடை திறந்தால், ‘உன் கை ராசியான கை, முதல் சாமானை நீ வாங்கிட்டுப் போ’ என்று குழைவார்கள். அன்றைக்கு மட்டும் அவளைக் கூப்பிட அவர்களுக்குப் பெயர் தேவைப்படாது.

வடிவு இதையெல்லாம் காதில் போட்டுக்கொள்கிறதில்லை. அவளுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. சாயர்புரத்துக்கு அந்தப் பக்கம் பனங்காட்டு ஊரில் வாழ்க்கைப்பட்டிருக்கிற அவளுடைய அக்கா முத்துக்கனி, ஒரு தடவை அவளைப் பெண்பிள்ளையாகக் கூப்பிட வேண்டும். தங்கச்சி என்றுகூட வேண்டாம். அக்காள்மார் வாசலில் நின்றுகொண்டு கூடப் பிறந்தவளை ‘ஏளா’ என்று ஒரு அதட்டுப் போடுவார்களே, அது போதும்.

அந்த ‘ஏளா’ ஊராள் வாயிலிருந்து அவளுக்கு வேண்டிய மட்டும் கிடைத்தது. வடிவு வேலை பார்த்தது கடற்கரையோரம் ஒரு சங்குக் கிட்டங்கியில். முத்துக்குளிப்பு நின்று வருஷக்கணக்காகிவிட்டது. சங்கு குளிப்பது மட்டும் நிற்கவில்லை. கடலடியிலிருந்து வருகிற சங்கை முற்றத்தில் குவித்துப் போட்டு, உள்ளே இருக்கிற சதை அழுகின பிறகு கழுவி எடுக்க வேண்டும். அந்த நாற்றத்துக்கு ஆள் கிடைப்பதே கஷ்டம் என்பதால், வருகிறவர் யார், என்ன என்று கணக்குப்பிள்ளை துருவிக் கேட்பதில்லை. அங்கே கழுவுகிற பெண்களோடு பெண்ணாக வடிவு உட்கார்ந்திருப்பாள். பக்கத்தில் அல்போன்சா. அவள் புருஷன் பவுல் சங்கு குளிக்கிறவன். “ஏளா வடிவு, அந்தக் கடவப்பெட்டியை இங்கன தள்ளு” என்று அல்போன்சா ஒரு நாளைக்கு எத்தனை தடவை சொல்லுவாளோ, அவளுக்கே தெரியாது. வடிவுக்கு அது சந்தோஷம்தான். ஆனால் அந்நியர் போடுகிற சோறு வயிற்றை நிறைக்கும், அவ்வளவுதானே.

அப்படியிருக்க, ஒரு நாள் மத்தியானம் முத்துக்கனியே கிட்டங்கி வாசலில் வந்து நின்றாள்.

முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றவளைப் பார்த்து, சங்கு வாங்க வந்த யாரோ என்றுதான் வடிவு முதலில் நினைத்தாள். முகத்தை மூடியிருந்த துணி விலகியதும் கையிலிருந்த சங்கைப் போட்டுவிட்டு எழுந்தாள். எழுந்தவளுக்குக் கால் நகரவில்லை. அக்காவுக்கும் அதே கதிதான். தம்பி என்று நினைத்து வந்த இடத்தில் சேலையும் கொண்டையும் மூக்குத்தியுமாக, செத்துப்போன அம்மையே வந்து நிற்பதுபோல் ஒருத்தி நின்றாள்.

“மாரி பெரியவளாயிட்டா,” என்றாள் முத்துக்கனி.

“நம்ம சந்தனமாரியா?” வடிவுக்குக் குரல் உடைந்துவிட்டது. “ஈறு நமநமங்குன்னு எம் விரலைக் கடிச்சுக்கிட்டுக் கிடந்தாளே அக்கா!”

அது நிஜம். முத்துக்கனி தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்தபோது தாய் உயிரோடு இல்லை. வெந்நீர் வைத்தது, மருந்து இடித்தது, பிள்ளையைக் குளிப்பாட்டிச் சாம்பிராணி காட்டியது எல்லாம் மீசை அரும்பாத தம்பி செந்தூர்பாண்டிதான். ‘அம்மை இருந்திருந்தாக்கூட என்னை இப்படிப் பாத்திருக்க மாட்டா’ என்று அக்கா அப்போது வாய்விட்டுச் சொன்னாள். பிள்ளையை இடுப்பைவிட்டு இறக்காமல், அக்காவின் பழஞ்சேலையைச் சுற்றிக்கொண்டு, முற்றத்தில் ஆராட்டுப் பாடித் தூங்கவைத்துக்கொண்டிருந்ததை ஒரு நாள் ஐயா பார்த்துவிட்டார். பனைமட்டையால் அடித்தார். அடித்ததோடு விட்டிருந்தால் அங்கேயே இருந்திருப்பாள். ஐயா பிள்ளையை அவள் இடுப்பிலிருந்து பிடுங்கிக்கொண்டார். அதற்கு அப்புறம் அந்த வீட்டில் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. தூத்துக்குடிக்கு வந்து செந்தூர்பாண்டி செந்தூர்வடிவு ஆனாள். ஐயா செத்த செய்திகூட அவளுக்குப் பிந்தித்தான் வந்தது. அக்கா புருஷன் காசிலிங்கம், அந்த ஆளின் நிழல்கூடத் தன் வாசலில் விழக்கூடாது என்று சொல்லிவிட்டான்.

இப்போது அந்தக் காசிலிங்கமே முத்துக்கனியை அனுப்பியிருக்கிறான்.

“அவளைத் தொழுவத்துலதான் உக்கார வச்சிருக்கு. தாய்மாமன் வந்து பச்சை ஓலையில குச்சில் கட்டணும்லா? நீ தோணிக்கப்பல்ல வேலை பாக்க, கொழும்புக்குப் போயிட்டுப் போயிட்டு வாரன்னு ஊர்ல சொல்லிவச்சிருக்கேன். இப்பம் எங்க உன் தம்பிங்காக.”

“வேற யாரையும் வச்சுக் கட்டப்பிடாதா?”

“அதுக்குத்தான தாணுலிங்கம் அண்ணன் பறக்கான். நம்ம ஐயா வழியில தூரத்துச் சொக்காரன்தான, நான் மாமன் முறையில நிக்கேன்னு துண்டை உதறிக்கிட்டு வாரான். அவன் கட்டினான்னா உரிமை அவனுக்குப் போயிரும். நாளைக்கு அவன் மகன், அந்தக் குடிகாரப் பயலுக்கு மாரியைக் குடுன்னு வாசல்ல நிப்பான். உரிமைக்காரன் கேட்டா மாட்டேன்னு சொல்லமுடியுமா?”

அந்தப் பக்கத்து வழக்கம் அப்படி. பெரியவளான பெண் தனித்திருக்கிற குச்சிலுக்குப் பச்சை ஓலை கட்டின கைக்கு அவள்மீது ஒரு உரிமை உண்டு. தன் மகனுக்குக் கேட்கலாம், மகன் இல்லாவிட்டால் வேறு இடத்தில் கட்டிக்கொடுக்க இவன் சரி என்று தலையாட்ட வேண்டும்.

“நான் வாரேன் அக்கா. மாரிக்குச் சின்னம்மையா வந்து...”

“சின்னம்மை வந்து என்ன செய்ய?” முத்துக்கனி அழாத குறையாகச் சொன்னாள். “மாமன்தான வேணும். இந்த முடியை வெட்டிட்டு, வேட்டி கட்டிக்கிட்டு வா. கப்பல்காரனுக்குக் கொண்டை ஏது? கிராப்பு வச்சுக்கிட்டு வா. ஒரு நாள்தாம்லே. ஒரே ஒரு நாள்.”

வடிவின் கை கொண்டைக்குப் போனது. பிறகு, “வாரேன்,” என்றாள். “எனக்கு நீ ஒண்ணு செய்யணும். இங்கன நம்மளைத் தெரிஞ்சவுக யாரும் கிடையாது. ஒரு தடவை என்னை ஏளான்னு கூப்பிடு.”

முத்துக்கனி வாயைத் திறந்தாள். உதடு அசைந்தது. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “வாயி வரமாட்டேங்குலே. தம்பின்னே கூப்பிட்டுப் பழகிட்டு.”

“சரி, விடு,” என்றாள் வடிவு. சொல்லிவிட்டு, கீழே போட்ட சங்கைக் குனிந்து எடுத்துக்கொண்டாள்.

முடியை வெட்டியது அல்போன்சாதான். வெட்ட வெட்ட வைதுகொண்டே இருந்தாள். முத்துக்கனியை வைதாள், காசிலிங்கத்தை வைதாள், மாமன் முறை என்று ஒன்றைக் கண்டுபிடித்தவனை ஏழு தலைமுறைக்கு வைதாள். மடியில் விழுந்த கூந்தலைப் பார்த்துவிட்டு மாதாவைக் கூப்பிட்டு அழுதாள். வடிவு அழவில்லை. “முடிதானளா, வளரும்,” என்று அல்போன்சாவைத் தேற்றினாள். மூக்குத்தியைக் கழற்றினாள். வளையலைக் கழற்றினாள். பவுல் தன் வேட்டியைக் கொடுத்தான். எத்தனை வருஷத்துப் பழக்கம், அவள் அதைச் சேலைபோலக் கொசுவம் வைத்துச் செருகிவிட்டாள். பவுல் சிரிப்பை அடக்கிக்கொண்டு அவிழ்த்துக் கட்டச் சொல்லிக்கொடுத்தான்.

தாய்மாமன் வெறுங்கையோடு போகக்கூடாது. மருமகளுக்குப் புதுச்சேலை கொண்டுபோக வேண்டும். கண்ட்ரோல் காலத்தில் புதுச்சேலைக்கு எங்கே போவது? வடிவின் டிரங்குப் பெட்டியில் ஒன்று இருந்தது. யுத்தத்துக்கு முன்னால் ஒரு தோணிக்காரன் கொழும்பிலிருந்து கொண்டுவந்த குங்கும நிறச் சேலை. அக்கா என்றைக்காவது வீட்டுக்குக் கூப்பிட்டால் அதைக் கட்டிக்கொண்டு போய் இறங்க வேண்டும் என்று மடிப்புக் கலையாமல் வைத்திருந்தாள். அக்கா கூப்பிட்டுவிட்டாள். சேலையும் போகிறது. அவள்தான் வேட்டியில் போகிறாள்.

பெட்ரோல் கிடைக்காத காலம். பின்னால் அடுப்பைக் கட்டிக்கொண்டு கரியில் ஓடுகிற பஸ். வடிவு ஏறி உட்கார்ந்தாள். கண்டக்டர் வந்து, “அண்ணாச்சி, கொஞ்சம் அந்தப் பக்கம் தள்ளி உக்காருங்க” என்றான். மரியாதையாகத்தான் சொன்னான். எத்தனையோ பேர் எத்தனையோ சொல்லிக் கூப்பிட்டபோதெல்லாம் வராத அழுகை, அந்த அண்ணாச்சியில் வந்துவிட்டது. கரிப்புகை கண்ணில் பட்டதுபோலத் துண்டால் முகத்தை மூடிக்கொண்டாள்.

ஊருக்குள் நுழைந்ததும் உபசாரத்துக்குக் குறைவில்லை. கால் கழுவச் செம்பில் தண்ணீர், உட்காரப் புதுப்பாய், குடிக்கப் பானக்காரம். “மாமன் வந்தாச்சு, மாமன் வந்தாச்சு” என்று தெருவெல்லாம் பேச்சு. நிழல் விழக்கூடாது என்று சொன்ன காசிலிங்கம், “வாங்க மாப்பிள்ளை” என்று கும்பிட்டான். கண் மட்டும் அவள் முகத்துக்கு வரவே இல்லை. அக்கா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, கிராப்புத் தலையைக் கண்டதும் உள்ளே போய்விட்டாள்.

தாணுலிங்கம் மட்டும் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார். கருப்பட்டி வியாபாரி. எடை பார்த்தே பழகின கண். வடிவை மேலும் கீழும் அளந்தார்.

“கொழும்புல ஜப்பான்காரன் குண்டு போட்டானாமே தம்பி, நீ அப்பம் அங்கனதான் இருந்தியா?”

“இல்லண்ணே. எங்க தோணி இங்கன கரையில கிடந்துச்சு.”

“மூக்குல என்ன ஓட்டை?”

“அக்காவுக்கும் எனக்கும் நடுவுல பெறந்த ரெண்டு தக்கலை. நானாவது தங்கணும்னு அம்மை குத்திவிட்டா.” இது எந்த ஊரிலும் செல்லுபடியாகிற பதில். மூக்குக் குத்தின ஆண்பிள்ளைகள் அந்த ஊரிலேயே பத்துப் பேர் இருந்தார்கள். தாணுலிங்கம் தலையாட்டினார். ஆனால் கண் கீழே இறங்கி அவள் விரலில் நின்றது.

“நெகத்துல சிவப்பு?”

வடிவுக்கு உயிர் போய் வந்தது. முடியை வெட்டலாம், மூக்குத்தியைக் கழற்றலாம், பிடித்த மருதாணியை என்ன செய்வது? அது வளர்ந்து போனால்தான் உண்டு. “தோணிப் பாய்க்குச் சாயம் ஏத்துனேன் அண்ணே. பட்டைச் சாயம். ஒட்டினா லேசுல போகாது,” என்றாள். தாணுலிங்கம் ‘ஓகோ’ என்றார். அந்த ஓகோ அவளுக்குப் பிடிக்கவில்லை.

பனையேறி ஓலை வெட்டிப் போட்டான். வடிவு நாலு கால் நட்டு, வரிச்சுப் பிடித்து, நாரால் கட்டி, ஓலையை ஒன்றன்மேல் ஒன்றாகச் செருகினாள். ஐயா கற்றுக்கொடுத்த கை மறந்துபோகவில்லை. வெயிலில் வேலை செய்யச் செய்ய அவளுக்கு உள்ளுக்குள் ஒரு குதூகலம் வந்துவிட்டது. இந்தக் குச்சிலுக்குள்ளேதான் மாரி உட்காரப்போகிறாள். பக்கத்தில் உட்கார்ந்து அவளுக்குத் தலைவாரிப் பூ வைக்கலாம். அவள் முகம் எப்படி இருக்கும்? அக்கா மூக்கா, காசிலிங்கம் மூக்கா? இதையே நினைத்துக்கொண்டு ஒரு ஓலையை இன்னும் ஒட்டிச் செருகினாள். உள்ளே இரண்டு பேர் நெருக்கமில்லாமல் உட்கார வேண்டுமே என்று, வாசல் பக்கம் ஒரு முழம் கூட்டியே கட்டினாள்.

குச்சில் முடிந்தது. பெண்கள் குலவையிட்டார்கள். போர்வையால் தலையை மூடி மாரியைத் தொழுவத்திலிருந்து நடத்திக் கொண்டுவந்தார்கள். ஆண்கள் அத்தனை பேரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். வடிவு திரும்பவில்லை. ஆசை ஆசையாகப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஒரு கிழவி அதட்டினாள். “ஏ மாமங்காரா! வெக்கமில்லாமப் பாத்துக்கிட்டு நிக்கியே. தலைக்குத் தண்ணி ஊத்துத முட்டும் ஆம்பளையாளு அவ முகத்துல முழிக்கப்பிடாது. தாய்மாமனுக்கு ரொம்பப் பிடாது. திரும்பிக்கோ!”

எல்லாரும் சிரித்தார்கள். வடிவு திரும்பிக்கொண்டாள்.

அவள் கணக்குத் தப்பியது அங்கேதான். முடியை வெட்டி, வேட்டியைக் கட்டி, குரலைக் கனமாக்கி, எல்லாவற்றையும் யோசித்தவள் இதை மட்டும் யோசிக்கவில்லை. இத்தனை வருஷமாகச் சேலையிலேயே வாழ்ந்தவளுக்கு, தான் ஆணாக வந்திருக்கிறோம் என்பதன் முழு அர்த்தம் தட்டுப்படவே இல்லை. மாமனுக்குப் பாய் உண்டு, பானக்காரம் உண்டு, முதல் பந்தி உண்டு. குச்சிலுக்குள் இடம் கிடையாது. சின்னம்மையாக வந்திருந்தால் உள்ளே போய் உட்கார்ந்திருக்கலாம். அந்தச் சின்னம்மையை யாரும் கூப்பிடவில்லை. தன் கையாலேயே ஓலை கட்டித் தன்னை வெளியே நிறுத்திக்கொண்டாள். மாரி ஓலைக்கு அந்தப் பக்கம் போய்விட்டாள். வடிவு பார்த்தது போர்வைக்கு அடியில் தெரிந்த பாதங்களை மட்டும்தான்.

முதல் பந்தியில் அவளை உட்காரவைத்துப் பரிமாறினார்கள். ஒரு வாய் இறங்கவில்லை. அடுத்த பந்தியில் ஊர் ஆண்கள் உட்கார்ந்ததும், ஓலையைச் சரிபார்க்கப் போகிறவள்போலக் குச்சிலின் பின்பக்கம் போய்க் குத்தவைத்தாள்.

“மாமா?” உள்ளேயிருந்து மெல்லிய குரல் வந்தது.

வடிவு மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். “ம்.”

“அங்கன ஒரு ஓலை விலகியிருக்கு. அதைச் சரிபண்ணாண்டாம். காத்து வருது.”

“சரி தாயி.”

பிறகு, “மருதாணி போட்டிருக்கியளா?” என்று கேட்டாள் மாரி.

வடிவின் விரல் அந்த விலகின ஓலையைப் பிடித்துக்கொண்டிருந்தது. பாய்க்கு ஏற்றிய சாயக் கதையைச் சொல்ல வடிவு வாயெடுத்தாள். இந்தப் பிள்ளையிடம் பொய் சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை. “ஆமா,” என்றாள்.

“நல்லாப் பிடிச்சிருக்கு. எனக்கு இப்படிப் பிடிக்கவே செய்யாது.” மாரி ஓலை அருகே நகர்ந்து உட்காருவது கேட்டது. “மாமா, ஒண்ணு கேக்கட்டா? நான் கைப்பிள்ளையா இருக்கையில என்னை இடுப்பைவிட்டு எறக்கவே மாட்டியளாமே. அம்மை சொல்லுவா. சொல்லிட்டு அழுவா. மாமான்னா தோள்லதான தூக்குவாக? எங்க தெருவுல எந்த மாமாவும் இடுப்புல தூக்க மாட்டாக.”

வடிவு சுற்றுமுற்றும் பார்த்தாள். வாழையிலைச் சத்தமும் பேச்சும் முன்பக்கம் இருந்தன. “நான் மாமா இல்லளா,” என்றாள். சொல்லியேவிட்டாள்.

மாரி யோசித்தாள். “அப்பம் சின்னம்மையா?”

யாரும் அவளிடம் அப்படி ஒரு கேள்வியைக் கேட்டதே கிடையாது. என்னென்னவோ சொல்லிக் கூப்பிட்டவர்கள் உண்டு. நீ யார் என்று கேட்டவர்கள் இல்லை. ஆமாம் என்று சொல்லத் துடித்தது. சொல்லவும் பயமாக இருந்தது.

அவள் பயம் அந்தப் பிள்ளைக்கும் தெரிந்துவிட்டது. “சின்னம்மைன்னு சொன்னா குச்சிலைப் பிரிச்சுப் போட்டுருவாகளே,” என்றாள் கிசுகிசுப்பாக. “தாணுலிங்கம் மாமா வந்து கட்டிருவாரு. அது வேண்டாம். ஆனா, மாமான்னு கூப்பிட்டா உங்களுக்கு அழுகை வருது. எனக்குக் கேட்டுச்சு.” மறுபடி யோசித்தாள். “குச்சில் கட்டினது மாமா. என்னை இடுப்புல வச்சுக்கிட்டது சின்னம்மை. ரெண்டும் நீங்கதான? அப்பம் மாமம்மை.”

சொல்லிவிட்டு அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டு, ருசி பார்க்கிறதுபோல இன்னொரு தடவை சொன்னாள். “மாமம்மை.”

வடிவு விலகின ஓலை வழியாகக் கையை உள்ளே விட்டாள். மாரி அதைப் பிடித்துக்கொண்டாள். தொட்டால் தீட்டுதான், தலைமுழுகத் தூத்துக்குடிக் கடல் எதற்கு இருக்கிறது? முகத்தில் முழிக்கக் கூடாதே என்று வடிவு கண்ணை இறுக மூடிக்கொண்டு, விரலால் அந்த முகத்தைத் தடவிப் பார்த்தாள். நெற்றி, புருவம், மூக்கு. அக்கா மூக்கு. அம்மையின் மூக்கும் அதுதான்.

அந்த நேரம் பார்த்து முத்துக்கனி மகளுக்கு உளுந்தங்களி எடுத்துக்கொண்டு வந்தாள். உள்ளேயிருந்து மாரி கேட்டாள்: “அம்மை, மாமம்மை சாப்பிட்டாளா?”

முத்துக்கனி அப்படியே நின்றுவிட்டாள். ஓலைக்குள் போயிருந்த கையைப் பார்த்தாள். கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தவளைப் பார்த்தாள். முன்பக்கம் யாரோ வருகிற சத்தம் கேட்டதும், “ஏலே பாண்டி, இங்கன உனக்கு என்ன சோலி? ஆம்பளையளோட போயி இரு,” என்று விரட்டினாள். வடிவு கையை எடுத்துக்கொண்டு எழுந்துபோனாள். அக்கா இன்றைக்கும் சொல்லமாட்டாள், இனி என்றைக்கும் சொல்லமாட்டாள் என்று அவளுக்குத் தோன்றிவிட்டது.

மாரி வாயில் பிறந்த அந்தச் சொல் பிற்பாடு நன்றாகத்தான் ஊர் சுற்றியது. குச்சிலில் துணைக்குப் படுக்க வந்த தோழிகளுக்கு மாரி அதைச் சொல்லிக்கொடுத்தாள், ஆளைக் காட்டிக்கொடுக்காமல். அது சாயர்புரம் சந்தைக்குப் போய், அங்கிருந்து காலியான கருவாட்டுக் கூடையோடு தூத்துக்குடிக்கு வந்தது. கிட்டங்கியில் அல்போன்சா அதைக் கேட்டுவிட்டு அன்றிலிருந்து வடிவை மாமம்மை என்றே கூப்பிட்டாள். பிறகு விளாத்திகுளத்திலிருந்து வடிவைப்போல் ஒருத்தி வீட்டைவிட்டு வந்து சேர்ந்தாள். அவளும் மாமம்மை ஆனாள். சுற்றுவட்டாரத்தில் குச்சில் கட்டத் தாய்மாமன் இல்லாத வீடுகள் இரண்டொன்று, வெட்கத்தை விட்டு, ஒரு மாமம்மையைக் கூட்டிப்போனதும் உண்டு. சினிமாக் கொட்டகை வாசலில் நிற்கிற பயல்கள் சும்மா இருப்பார்களா? சீட்டியடித்து ‘மாமம்மோய்’ என்று இழுத்து அதையும் வசவாக்கினார்கள். கடைசியில் ஒரு புலவர் கிளம்பி, இது மகா அம்மை என்கிற தெய்வப் பெயரின் திரிபு என்று மேடையில் முழங்கினார். சந்தனமாரி அப்போது உயிரோடுதான் இருந்தாள். அவளை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். இப்போது மரியாதையான புதுச் சொற்கள் வந்துவிட்டன. நல்லதுதான், வரட்டும். அதெல்லாம் இருக்கட்டும், அன்றைக்குச் சாயங்காலம் வடிவு புறப்பட்டதைச் சொல்ல வேண்டும்.

கப்பலுக்குத் திரும்ப வேண்டும் என்று சொல்லிக் கிளம்பினாள். காசிலிங்கம் வாசல்வரை வந்து கும்பிட்டான். அக்கா வேலியோரம் நின்றாள். குச்சிலில் பிள்ளை இருக்கும்போது தாய் வேலியைத் தாண்டக் கூடாது. “போயிட்டு வாரேன்க்கா,” என்றாள் வடிவு. முத்துக்கனி தலையை அசைத்தாள். பஸ் நிற்கிற இடம்வரை வழியனுப்ப வருகிறேன் என்று தாணுலிங்கம் செருப்பை மாட்டிக்கொண்டார். வேண்டாம் என்றால் விடுகிற ஆளா அவர்?

செம்மண் தேரியில் கால் புதையப் புதைய இரண்டு பேரும் நடந்தார்கள். தாணுலிங்கம் விடாமல் கேட்டுக்கொண்டு வந்தார். தோணிக்கு எத்தனை பாய், அதை ஓட்டுகிற தண்டல் எந்த ஊர்க்காரர், தம்பிக்கு ஏன் இன்னும் கல்யாணம் ஆகவில்லை. குச்சிலைத் தன் கையால் கட்ட அவருக்கு இன்னும் ஆசை விடவில்லை. ஒரு நூல் கிடைத்தால் போதும், இப்படியே திரும்பிப்போய் ஊரைக் கூட்டி ஓலையைப் பிரித்துவிடுவார். வடிவு ஆண்குரலில், ஆண்நடையில், அளந்து அளந்து பதில் சொல்லிக்கொண்டு போனாள்.

கிணற்றைத் தாண்டும்போது பின்னாலிருந்து அந்தச் சத்தம் வந்தது.

“ஏளா...!”

வடிவின் கழுத்து தானாக அசைந்தது. அசைந்ததை நிறுத்தினாள்.

“ஏளா வடிவு! ஏ தங்கச்சி! நில்லுளா!”

வேலிக்குமேல் எக்கி நின்று, தொண்டை கிழிய, ஊர் கேட்க, முத்துக்கனி கூப்பிட்டாள். அத்தனை வருஷம் வராத வாய் இப்போது வந்துவிட்டது. கிணற்றடியில் தண்ணீர் இறைத்த பெண்கள் எல்லாரும் தன்னையோ என்று திரும்பிப் பார்த்தார்கள். விறகு சுமந்து வந்த ஒருத்தி நின்றேவிட்டாள். திரும்பாதது வடிவு ஒருத்திதான்.

தாணுலிங்கம் நின்றார். “முத்துக்கனி யாரைக் கூப்பிடுதா? வடிவுன்னு நம்ம ஊர்ல யாரும் கிடையாதே.” சொல்லிவிட்டு அவள் முகத்தையே பார்த்தார்.

ஓடிப்போய் அக்காவைக் கட்டிக்கொள்ள அவளுடைய உடம்பு முழுக்கத் துடித்தது. ஒரு தடவை திரும்பினால் போதும். திரும்பினால் குச்சில் இருக்காது. மாரியை இழுத்துவந்து தாணுலிங்கம் கட்டின ஓலைக்குள் உட்காரவைப்பார்கள்.

“யாராவது பொம்பளையாளா இருக்கும் அண்ணே,” என்றாள் வடிவு. குரல் நடுங்காமல்தான் சொன்னாள்.

“ஏளா, வடிவு...!” அக்கா மறுபடியும் கூப்பிட்டாள்.

வடிவு திரும்பிப் பார்க்கவில்லை. தூரத்தில் பஸ் வருகிற புகை தெரிந்தது. “வெரசா நட தம்பி, விட்டுருவான்,” என்றார் தாணுலிங்கம். வடிவு நடையை மெதுவாக்கினாள். பஸ் போனால் போகட்டும், அக்கா இன்னொரு தடவை கூப்பிட்டால் அதையும் கேட்டுவிட்டுப் போகலாம் என்று இருந்தது.